பக்கத்து வீட்டுத் துப்பாக்கி

2019-ல் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது நடந்தவற்றை அவ்வப்போது இங்கே எழுதி வருகிறேன். பனி தள்ளி முதுகு பிடித்துக்கொண்ட கதையும், முருங்கைக்கீரைக்கு அலைந்த கதையும் எழுதியாகிவிட்டது. இந்தத் துப்பாக்கி விஷயத்தை மட்டும் எழுதாமல் வைத்திருந்தேன். "அதையெல்லாம் எழுதாதீங்கப்பா" என்று மகள் தடை போட்டிருந்தாள். இப்போது அவர்கள் வேறு மாநிலத்துக்கு வீடு மாறிவிட்டார்கள். இனி எழுதினால் பாதகமில்லை என்கிறாள்.

மகள் அப்போது இருந்தது பென்சில்வேனியாவில், லான்காஸ்டர் நகரத்துக்குப் பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு. கார் போகிற அதே சாலையில் ஆமிஷ் மக்களின் குதிரை வண்டியும் போகும். பகலில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். என் மனைவிக்கு யூடியூப் துணை. எனக்கு ஒரு துணையும் இல்லை, செப்டம்பரில் ஒரு நாள் பக்கத்து வீட்டு கராஜிலிருந்து கட்டிங் ஆயில் வாசனை வரும்வரை.

கோவையில் 34 வருடம் டூல்ரூமில் நின்றவனுக்கு அந்த வாசனை போதும். வேலியோரம் போய் எட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவர், மேஜைமேல் வைக்கிற சின்ன லேத் ஒன்றில் பித்தளை கடைந்துகொண்டிருந்தார். கையால் வா என்றார். அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு எனக்கு டியூட்டி. அவர் பேசும் ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசுவதில் முக்கால் அவருக்குப் புரியாது. ஆனால் வெர்னியரை எடுத்து நீட்டினால் இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிடும்.

அந்த கராஜ் சுவரில் ஒரு நீளத் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் கொல்லிமலை அடிவாரம். கடலைக்காய்க் காட்டில் காட்டுப் பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் வெள்ளாமை முடிந்தது. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று அப்பாவிடம் இருந்தது. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, நார் அடைத்து, அதன்மேல் ஈய ரவையைப் போட்டு, மறுபடி நார் அடைத்து, நீளக் குச்சியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் குழாயின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு நிப்பிள் இருக்கும். அதன் தலையில் செப்புக் கேப்பு ஒன்றைத் தொப்பி மாதிரி மாட்ட வேண்டும். தீபாவளிக்குப் பிள்ளைகள் கல்லால் தட்டுகிற பொட்டு வெடியின் அண்ணன்தான் இந்தக் கேப்பு. விசையை இழுத்தால் சுத்தி வந்து கேப்பைத் தட்டும், அந்தப் பொறி நிப்பிளின் துவாரம் வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும்.

பெரியவரின் துப்பாக்கியும் அதே ஜாதிதான். நேர்த்தியில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அரை அங்குலக் குழாய், உள்ளே சுருள் வெட்டு, வால்நட் மரக் கட்டை. கடையில் வாங்கியதல்ல. பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்பார்களாம், வாங்கி அரம் போட்டு நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். 1979-ல் அவருடைய மகன் பதினைந்து வயதில் இந்த கராஜிலேயே உட்கார்ந்து சேர்த்தது. அந்த மகன் 2013 நவம்பரில் ஒரு சாலை விபத்தில் போய்விட்டார். இதை அவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அக்டோபர் ஆரம்பத்தில் ஒரு நாள் பெரியவர் அந்தத் துப்பாக்கியைக் கீழே இறக்கி மேஜைமேல் வைத்து, "இதை சிக்கிமுக்கித் துப்பாக்கியாக மாற்ற வேண்டும், கூட இருப்பீர்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உலகமே சிக்கிமுக்கியிலிருந்து கேப்புக்கு வந்தது. இவர் எதற்குப் பின்னால் போகிறார்?

முன்னூறு வருடத்துக்கும் மேற்பட்ட சங்கதி இது. சிக்கிமுக்கித் துப்பாக்கியில் கேப்பு கிடையாது. சுத்தி இருக்கும் இடத்தில் ஒரு கவ்வி, அதன் வாயில் தீக்கல். விசையை இழுத்தால் கல் பாய்ந்து ஒரு எஃகு மூடியைச் செதுக்கிக்கொண்டு இறங்கும். அந்த அடியில் மூடி திறந்து, கீழே உள்ள சின்னக் கிண்ணியில் பொறி விழும். கிண்ணியில் ஒரு சிட்டிகை பொடி மருந்து. அது பக்கென்று பற்றி, குழாயின் பக்கவாட்டில் உள்ள தீத்துளை வழியாக உள்ளே நெருப்பை அனுப்பும். மழை பெய்தால் போச்சு. காற்றடித்தால் போச்சு. அதற்கும் மேலே, கிண்ணி பற்றுகிற வெளிச்சத்தைக் கண்டு பறவைகள் தப்பிவிடுகின்றன என்று அலுத்துப்போன ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஒருவர், தட்டினால் வெடிக்கும் மருந்தை வைத்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கேப்பு. 1840-களில் ராணுவங்கள் தங்கள் பழைய துப்பாக்கிகளைத் துளை போட்டு நிப்பிள் வைத்துக் கேப்புக்கு மாற்றித் தள்ளின. 1857-ல் கொழுப்புத் தடவிய தோட்டாவை வைத்து நம் சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்களே, அந்த என்ஃபீல்டு துப்பாக்கியும் கேப்பு வகைதான்.

பெரியவர் சொன்ன காரணம் இது. பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு மாதக் கணக்கு, வாரக் கணக்கு எல்லாம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் பருவத்தில் துப்பாக்கி என்றால் சிக்கிமுக்கி மட்டும்தான். 1974-லிருந்து அங்கே அப்படி ஒரு பருவம் உண்டு. கேப்புத் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. பேரன் வேறு மாநிலத்தில் கல்லூரியில் படிக்கிறான். அக்டோபரிலும் வர முடியாது, நவம்பரிலும் நாலு நாள்தான். கிறிஸ்துமஸ் லீவுக்குத்தான் நிம்மதியாக வருவான். புதிதாக ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கித் தருகிறேன் என்று தாத்தா சொன்னதற்கு, "அப்பாவுடையதை எடுத்துப் போவதானால் போகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம்" என்று எழுதிவிட்டானாம்.

ஊரில் இருந்த துப்பாக்கி ரிப்பேர்க்காரர், "இதற்கு ஆகும் கூலிக்குப் புதுசே வாங்கலாம். அடுத்தவர் குழாயில் நான் துளை போட மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனால் குழாய் வீண்.

வீட்டில் சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பா, நீங்க வந்திருக்கறது விசிட்டர் விசால. துப்பாக்கியத் தொட்டீங்கன்னா என்ன ஆகும்னு தெரியுமா?" மாப்பிள்ளை உட்கார்ந்து சட்டத்தைத் தேடினார். வாய்வழி மருந்து கெட்டிக்கிற இந்தப் பழைய வகையை அங்குள்ள மத்திய அரசுச் சட்டம் துப்பாக்கிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்று தெரிந்தது. அப்படியும் அவள் சமாதானமாகவில்லை. கடைசியில் ஒப்பந்தம் என்னவென்றால், நான் இரும்பு வேலை மட்டும் பார்க்கலாம், சுடக் கூடாது, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. என் மனைவி மட்டும், "கை நடுங்குதேங்க உங்களுக்கு" என்றாள். அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. ரிட்டயர் ஆனபின் வலது கையில் வந்த நடுக்கம். காபி டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறவன் நான்.

முதல் நாள் வேலை, கேப்பு மாட்டும் நிப்பிளையும், அது உட்கார்ந்திருக்கும் டிரம் என்கிற உருளையையும் கழற்றுவது. குழாயின் பக்கத்தில் மரை போட்டுத் திருகியிருந்த டிரம் நாற்பது வருட அழுக்கில் இறுகிப் போயிருந்தது. ஸ்பானருக்கு அசையவில்லை. பெரியவர் காஸ் டார்ச்சை எடுத்துப் பற்றவைத்தார். சூடு காட்டினால் இளகும், எல்லா ஃபிட்டரும் செய்வதுதான். நானும் ஸ்பானரோடு தயாராக நின்றேன்.

அப்போதுதான் எனக்குள் அப்பாவின் குரல் கேட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கண்ணில் பட்டது குச்சி. குழாய்க்கு அடியில் செருகியிருந்த மருந்து இடிக்கும் குச்சி. சின்ன வயதில் அப்பா துப்பாக்கியைக் கையில் எடுத்தால் துடைக்கும் முன், பார்க்கும் முன், எதற்கும் முன் அந்தக் குச்சியை உள்ளே விடுவார். குச்சியில் கத்தியால் இரண்டு கோடு கீறியிருப்பார். காலியாக இருந்தால் மேல்கோடு வரை இறங்கும். மருந்து இருந்தால் கீழ்க்கோட்டோடு நின்றுவிடும். "மொதல்ல குச்சி எறங்குதா பாருடா" என்பார். குழாயைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உள்ளே ஒரே இருட்டு.

டார்ச்சை அணைக்கச் சொன்னேன். "காலிதான், ஆறு வருடமாகச் சுவரில் தொங்குகிறது" என்றார். ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று குச்சியை உள்ளே விட்டு, வாயருகே விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழாயின் மேல் அதே நீளத்துக்கு வைத்துப் பார்த்தேன். நுனி டிரம் வரை வந்திருக்க வேண்டும். இரண்டு அங்குலம் குறைந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுபடி அளந்தேன். இரண்டு அங்குலம்.

கருமருந்து கெட்டுப்போகிற சரக்கு இல்லை. நனையாமல் இருந்தால் ஆறு வருடம் என்ன, அறுபது வருடம் கழித்தும் வெடிக்கும். நாங்கள் சூடு காட்ட இருந்த இடத்துக்கு அரை அங்குலத்துக்குள் அது இருந்தது. குழாயின் வாய், காபி கொண்டுவரும் அம்மாள் நடந்து வருகிற கதவைப் பார்த்து இருந்தது.

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்டோபர். அந்த அக்டோபரில் போனான். மான் கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தான். மறுநாளும் போக வேண்டும் என்று அப்படியே வைத்திருப்பான்" என்றார். வாய்வழித் துப்பாக்கியில் இது ஒரு தொல்லை. கெட்டித்ததை எடுப்பது கெட்டிப்பதைவிடக் கஷ்டம். சுட்டுக் காலி செய்தால் அழுக்கு படியும், உடனே கழுவ வேண்டும். அதனால் கேப்பை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே விட்டுவைப்பவர்கள் உண்டு. மறுநாள் மழையோ வேலையோ வந்திருக்கும். அடுத்த மாதம் அவரே இல்லை.

நிப்பிளை மட்டும் சூடு இல்லாமல் மெதுவாகக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி மருந்தைச் சேறாக்கினோம். வாய் வழியாக எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம். மறுநாள் இரும்புக் கம்பியின் நுனியில் மரத்திருகு போன்ற ஒன்றை மாட்டி உள்ளே விட்டு, ஈயக் குண்டில் திருகி, கம்பியின் மறுமுனையை வைஸில் பிடித்துக்கொண்டு இரண்டு கிழவர்களும் துப்பாக்கியைத் தேர் வடம் மாதிரி இழுத்தோம். மூன்றாவது இழுப்பில் வந்தது. குண்டைச் சுற்றியிருந்த துணியும் கூடவே வந்தது. நீலக் கோடு போட்ட தலையணைத் துணி. குண்டு குழாயில் இறுக்கமாக உட்கார அப்படி ஒரு துணித்துண்டைச் சுற்றி இறக்குவது வழக்கம். பெரியவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் மனைவியிடம் கொடுத்தார். அவர் வெட்டிக் கொடுத்த துணியாம். அன்றைக்கு வேலை அவ்வளவுதான். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அப்புறம் நடந்தது சுத்தமான டூல்ரூம் வேலை. சுடுதண்ணீரில் குழாயைக் கழுவி விளக்கடித்துப் பார்த்தோம். மருந்து இருந்த இடத்தில் லேசான துரு வளையம், ஆழமில்லை. சூடு காட்டியதும் டிரம் சுலபமாகக் கழன்றது. தபாலில் வரவழைத்த சிக்கிமுக்கி லாக், பழைய லாக் இருந்த மரப் பள்ளத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இதற்கு ஒரு பழைய வழி வைத்திருந்தார். மண்ணெண்ணெய் விளக்கின் கரியை லாக்கின் அடியில் பூசி, மரத்தில் அழுத்தி எடுத்தால், இடிக்கிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் ஒரு சீவு. மறுபடி கரி, மறுபடி அழுத்தல். சர்ஃபேஸ் பிளேட்டுக்கு நாங்கள் நீல மசி தடவிச் சுரண்டுவோமே, அதேதான். நாலு நாள் ஆயிற்று. நாலாம் நாள் தாள் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்தது. எனக்கு அந்த நாலு நாளும் சம்பளம் வாங்கிய நாட்களைவிட நன்றாக இருந்தன.

டிரம் இருந்த பெரிய ஓட்டையை அடைக்க, அதே மரைக்கு ஒரு எஃகு புஷ் கடைந்தேன். உள்பக்கம் புனல் மாதிரிக் குடைந்துவிட்டால் மருந்து தீத்துளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், சீக்கிரம் பற்றும். இனி அந்தப் புஷ்ஷில் துளை போட வேண்டும். துளையின் மட்டம் கிண்ணியின் மேல்விளிம்புக்கு நேராக வர வேண்டும். கீழே போனால் பொடி மருந்து துளையை மூடி, திரி எரிகிற மாதிரித் தாமதமாகும். மேலே போனால் நெருப்பு எட்டாது. பழைய ஓட்டையின் மையம் நமக்கு வேண்டிய இடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கீழே இருந்தது. புஷ் அகலமாக இருந்ததால் பிழைத்தோம். துளையை மையத்தைவிட்டு மேலே தள்ளிப் போட இடமிருந்தது.

அந்த இடத்தில் சென்டர் பஞ்ச் வைக்க வேண்டும். கோடு போட்டாகிவிட்டது. பஞ்சை எடுத்தேன், நுனி ஆடிற்று. பெரியவர் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் இடது கையைக் குழாய்மேல் வைத்தார். நான் என் மணிக்கட்டை அதன்மேல் வைத்துக்கொண்டேன். ஆட்டம் நின்றது. வலது கையால் சின்னச் சுத்தியலை எடுத்து அவரே தட்டினார். 1.6 மில்லிமீட்டர் டிரில் உள்ளே போய் வெளியே வரும்வரை இரண்டு பேரும் மூச்சுவிட்ட ஞாபகம் எனக்கில்லை.

அன்று மாலை கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, மருந்து இல்லாமல் வெறும் கல்லை மட்டும் கவ்வியில் தோல் சுற்றி மாட்டி விசையை இழுத்தார். மத்தாப்பூ மாதிரி பொறி கொட்டியது. கல் பொறி விடுகிறது என்றுதான் ரொம்பப் பேர் நினைக்கிறார்கள். கல் வெறும் கத்தி. எரிவது அது சீவியெடுக்கிற எஃகுத் துகள். கிரைண்டிங் வீலில் பார்த்திருப்பீர்களே, அதே நெருப்பு. என் மனைவியும் பார்க்க வந்திருந்தாள். "இதுக்குப் போய் ரெண்டு மாசமா?" என்றாள்.

டிசம்பர் மத்தியில் மைதானத்தில் சுட்டுப் பார்த்தார்கள். நான் ஒப்பந்தப்படி இருபதடி தள்ளி நின்றேன். முதல் தடவை கிண்ணி மட்டும் பக்கென்று பற்றியது. குழாய் வெடிக்கவில்லை. வாயைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். உள்ளே புகைந்துகொண்டிருந்து பிந்தி வெடிக்கலாம். துளையில் எண்ணெய் நின்றிருக்கும் என்று கம்பி விட்டுக் குத்தினோம். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது, பற்றி, யோசித்து, வெடித்தது. அந்த யோசனை நேரத்தில் மான் பக்கத்து மாவட்டம் போய்விடும்.

துளை சின்னது என்றார் பெரியவர். எனக்கு ரோஷம். நான் போட்ட துளை படத்தில் உள்ள அளவுதான் என்றேன். அவர் சிரித்தார். பெரிதாக்கிய துளையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது என்ற பயம்தான் எனக்கு, சரி என்று வீட்டுக்கு வந்து 1.8-க்குத் திறந்தேன். மறுநாள் கிண்ணியும் குழாயும் ஒரே சத்தமாகக் கேட்டன. பத்தில் ஒன்பது. பத்தாவதுக்குக் கல் மழுங்கியிருந்தது.

அப்பாவின் துப்பாக்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் போனபின் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, லைசென்ஸை என் பேருக்கு மாற்ற மனுப் போடலாம் என்றார்கள். கோவையில் ஷிப்டுக்குப் போகிறவனுக்கு எதற்குத் துப்பாக்கி என்று ரசீதோடு வந்துவிட்டேன். பிறகு போய்க் கேட்கவே இல்லை. குச்சியை மட்டுமாவது கழற்றி எடுத்து வந்திருக்கலாம். அதைக் கொடுத்தபோது உள்ளே காலியா என்று நான் பார்த்தேனா? லான்காஸ்டரில் பல ராத்திரி யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பேரன் கிறிஸ்துமஸுக்கு வந்தான். ஆறடிப் பையன். துப்பாக்கியைக் கையில் வாங்கி, அப்பா அரம் போட்டிருந்த பித்தளைப் பூணை விரலால் தடவிப் பார்த்தான். மாற்றிய இடத்தை அவன் கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அதுவே பெரிய சர்டிபிகேட். தாத்தா அவனிடம் மருந்து உள்ளே இருந்த கதையைச் சொல்லியிருந்தார். புதுக் குச்சியில் நான் இரண்டு வளையம் கீறிக் கொடுத்தேன். எது காலி, எது நிறை என்று சைகையில் காட்டினேன்.

26-ஆம் தேதி விடியுமுன் போனார்கள். நாள் முழுக்க நான் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு மான் நாற்பது கஜத்தில் நின்றதாம். சுடவில்லையாம். ஏன் என்று தாத்தாவும் கேட்கவில்லை போலிருக்கிறது.

வண்டியை விட்டு இறங்கியதும் பையன் நேராக எங்கள் வேலியோரம் வந்தான். காட்டோரத்திலேயே மண்மேட்டில் சுட்டுக் காலி செய்துவிட்டதாகச் சொன்னான். சொன்னதோடு விடவில்லை. கிண்ணி மூடியைத் திறந்து காட்டினான். பிறகு குச்சியை உருவி, வாய் வழியாக விட்டு, மேல் வளையம் குழாயின் விளிம்போடு வந்து நிற்கும்வரை இறக்கினான். நான் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பார்த்தேன்.